அனுமதிக்குப் பின் மாறும் வரைபடங்களும் மரபுரிமையின் பாதுகாப்பும்

ஒரு கட்டடத்துக்கு அனுமதி வழங்கப்பட்டதுடன் அது குறித்த விவாதமும் முடிந்துவிட்டதாகவே பலரும் எண்ணுகின்றனர். ஆட்சேபித்தவர்கள் கலைந்து செல்கின்றனர். பத்திரிகைகளும் அவ்விடயத்தை மறந்துவிடுகின்றன. ஆனால், பாரிய கட்டடங்களைப் பொறுத்தவரை, அனுமதி பெற்ற வரைபடத்துக்கும் இறுதியில் எழுந்து நிற்கும் கட்டடத்துக்கும் இடையில் பெரும் வேறுபாடு இருப்பதுண்டு. முதலீட்டாளர் மாறுகின்றார், சந்தை நிலைவரம் மாறுகின்றது, கூடுதல் இடப்பரப்புத் தேவைப்படுகின்றது. திருத்திய வரைபடமொன்று சமர்ப்பிக்கப்படுகின்றது. மரபுரிமைச் சின்னங்களுக்கு அருகே எழும் கட்டடங்களில் இந்த இரண்டாவது வரைபடமே முதலாவதை விடக் கூர்ந்து நோக்கப்பட வேண்டியதாகும்.

லண்டன் மாநகரின் நிதி மையமாக விளங்கும் 'சிற்றி' பகுதியில் அண்மையில் நிகழ்ந்தது இதற்குச் சிறந்த உதாரணமாகும். அங்கு 'வன் அண்டர்ஷாப்ட்' என்ற பெயரில் 73 மாடிகளைக் கொண்ட அலுவலகக் கோபுரமொன்றை அமைப்பதற்கு 2016 இல் திட்டமிடல் குழு இணக்கம் தெரிவித்திருந்தது. அதன் காலடியில் செயின்ட் ஹெலன்ஸ், செயின்ட் அண்ட்ரூ அண்டர்ஷாப்ட் ஆகிய இரு புராதன தேவாலயங்கள் உள்ளன. இவை 1666 ஆம் ஆண்டின் பெருந்தீயிலும் இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சிலும் தப்பியவை. செயின்ட் ஹெலன்ஸ் தேவாலயம் 1992 இலும் 1993 இலும் ஐரிஷ் குடியரசு இராணுவத்தின் குண்டுவெடிப்புகளில் கடும் சேதமடைந்து, பின்னர் புனரமைக்கப்பட்டது.

அனுமதிக்கப்பட்ட கோபுரம் உடனடியாகக் கட்டப்படவில்லை. அதற்குப் பதிலாக, 74 மாடிகளைக் கொண்ட மாற்று வடிவமைப்பொன்று முன்வைக்கப்பட்டது. உயரத்தில் ஏற்பட்ட வேறுபாடு ஐந்து மீற்றருக்கும் குறைவே. வெறுமனே எண்களை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது அற்பமான திருத்தமாகவே தோன்றும். உண்மையான மாற்றம் கீழே, நிலமட்டத்தில் இருந்தது. மேலே செல்லச் செல்ல ஒடுங்கிய பழைய வடிவம் கைவிடப்பட்டு, கட்டடத்தின் அடிப்பகுதி அகலமாக்கப்பட்டது. 11 ஆம் மாடியில் அமையவிருந்த தோட்டம் நாக்கு நீட்டியதுபோல் வெளியே துருத்தி, தேவாலயத்தின் முன்னாலுள்ள பொதுச் சதுக்கத்தின் மீது கவிந்தது. சதுக்கமும் சுருங்கியது. மரபுரிமை தொடர்பான அரச ஆலோசனை அமைப்பான 'ஹிஸ்டோரிக் இங்கிலண்ட்' இதனை ஆட்சேபித்தது.

2024 ஜூலையில் கூடிய திட்டமிடல் குழு, முடிவை ஒத்திவைத்து, நிலமட்டப் பகுதியை மீளச் சிந்திக்குமாறு கேட்டுக்கொண்டது. துருத்திய தோட்டம் குறைக்கப்பட்டு, சதுக்கத்துக்குக் கூடுதல் இடம் விடப்பட்டது. அதன் பின்னர் 2024 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. கோபுரத்தை விரும்பாதவர்களுக்கு இது வெற்றியல்ல. எனினும், அனுமதி பெற்ற திட்டமொன்றின் மாற்றம் அலுவலக மேசையில் சத்தமின்றிக் கையொப்பமிடப்படாமல், பகிரங்கமாக விசாரிக்கப்பட்டதனாலேயே மக்களுக்கு உரிய இடத்தின் ஒரு பகுதியாவது மீட்கப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

அதே மாதத்தில் அதே குழு மற்றொரு விண்ணப்பத்தை நிராகரித்தது. பெவிஸ் மார்க்ஸ் யூத ஆலயம் 1701 இல் கட்டப்பட்டு, இன்றுவரை தொடர்ந்து வழிபாடு நடைபெறும் பழம்பெரும் ஆலயமாகும். அதன் அருகே 48 மாடிக் கட்டடமொன்றுக்கான விண்ணப்பம் 2021 இல் நிராகரிக்கப்பட்டிருந்தது. 43 மாடிகளாகக் குறைத்துச் சமர்ப்பிக்கப்பட்ட திருத்தமும் ஏற்றுக்கொள்ளப்படவில்லை. ஆலயத்தின் முற்றத்தில் நின்று சந்திரனைப் பார்த்து நிறைவேற்றும் வழிபாட்டுக்குக் கோபுரம் தடையாகும் என்பது அச்சமூகத்தினரின் முக்கிய வாதங்களில் ஒன்றாகும். பிறை பார்த்து நோன்பும் பெருநாளும் தீர்மானிக்கும் மக்களுக்கும், பௌர்ணமியையும் அமாவாசையையும் விரத நாட்களாகக் கொள்ளும் மக்களுக்கும் இந்த வாதத்தின் நியாயத்தை விளக்க வேண்டியதில்லை. ஒரு வழிபாட்டிடத்தின் மரபுரிமை அதன் சுவர்களுடன் முடிந்துவிடுவதில்லை. அதன் மேலுள்ள வானமும் அதில் அடங்கும்.

அவ்வாறாயின், காணிச் சொந்தக்காரரின் உரிமை என்னாவது என்ற கேள்வி எழுவது இயல்பே. இக்கேள்விக்கு அமெரிக்க உயர் நீதிமன்றம் 1978 இல் விடையளித்தது. நியூயோர்க்கின் கிராண்ட் சென்ட்ரல் புகையிரத நிலையம் 1967 இல் பாதுகாக்கப்பட்ட கட்டடமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. அதன் மேல் 50 இற்கும் அதிகமான மாடிகளைக் கொண்ட அலுவலகக் கோபுரத்தை எழுப்ப உரிமையாளரான பென் சென்ட்ரல் நிறுவனம் முனைந்தது. கட்டடக் கலைஞர் மார்செல் புரோயர் தயாரித்த இரு வடிவமைப்புகளையும் நகரின் பாதுகாப்பு ஆணைக்குழு நிராகரித்தது. நீதிமன்றத்தை நாடிய நிறுவனம் 6 இற்கு 3 என்ற பெரும்பான்மைத் தீர்ப்பில் தோல்வியுற்றது. நிலையத்தை முன்போலவே பயன்படுத்தி வருமானம் பெறும் உரிமை பறிக்கப்படவில்லை என்பதையும், அவ்விடத்தில் கட்டமுடியாத மாடிகளுக்கான உரிமையை அருகிலுள்ள வேறு காணிகளுக்கு மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு வழங்கப்பட்டிருந்தது என்பதையும் நீதிமன்றம் கவனத்திற்கொண்டது. மரபுரிமையின் செலவைச் சொந்தக்காரர் மீது மட்டும் சுமத்தாத இந்த ஏற்பாடு எம்மவர் கவனத்துக்கும் உரியது.

இலங்கையைப் பொறுத்தவரை சட்டங்கள் இல்லாமலில்லை. 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டமும், 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டமும் உள்ளன. புராதன சின்னங்களிலிருந்து 400 யார் தூரத்துக்குள் கட்டடம் எழுப்புவதற்கு ஒழுங்குவிதிகள் கட்டுப்பாடு விதிக்கின்றன. ஆயினும், தொல்பொருட்கள் சட்டம் 1815 மார்ச் 2 ஆம் திகதிக்கு முற்பட்டவற்றையே இயல்பாகத் தன் பாதுகாப்பில் எடுத்துக்கொள்கின்றது. அதற்குப் பிற்பட்டவை தனியாகப் பிரகடனப்படுத்தப்பட வேண்டும். கொழும்புக் கோட்டையில் உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்களுக்கு அருகே தாழ்ந்து நிற்கும் பழைய ஒல்லாந்தர் வைத்தியசாலை முதல் வகையைச் சேர்ந்தது. 2011 இல் புனரமைக்கப்பட்டுக் கடைத்தொகுதியாகத் திறக்கப்பட்டது. 1906 இல் கட்டப்பட்ட கார்கில்ஸ் கட்டடமோ, 1909 இல் நிறைவுற்ற புறக்கோட்டைச் சிவப்புப் பள்ளிவாசலோ அந்தத் திகதிக்குள் அடங்குவதில்லை.

சட்டம் இருந்தும் மீறப்படுவதற்குக் காலி சான்றாகும். 1988 இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற காலிக் கோட்டையின் எதிரேயுள்ள சர்வதேச கிரிக்கெட் மைதானம் 2004 சுனாமியில் அழிந்தது. மீளக் கட்டப்பட்டு 2007 டிசம்பரில் திறக்கப்பட்டபோது, புதிய பார்வையாளர் மண்டபம் கோட்டையின் தோற்றத்தை மறைப்பதாக யுனெஸ்கோ கவலை தெரிவித்தது. அம்மண்டபம் மரபுரிமைச் சட்டங்களை மீறியது என்றும் அகற்றப்படும் என்றும் 2018 இல் அப்போதைய விளையாட்டுத்துறை அமைச்சர் அறிவித்தார். அதன் பின்னரும் போட்டிகள் அங்கேயே தொடர்ந்தன. கட்டி முடித்த ஒன்றை இடிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை. ஜேர்மனியின் கொலோன் நகரம் இதற்கு மாறான வழியைத் தேர்ந்தது. உயர்ந்த கட்டடங்களின் திட்டத்தால் அதன் பேராலயம் 2004 இல் ஆபத்திலுள்ள மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. கட்டட உயரங்களை நகரம் குறைத்துக்கொண்டதால் 2006 இல் அப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. வரைபடத்தில் மாற்றுவது எளிது. கொங்கிறீற்றில் மாற்றுவது அரிது.

வானளாவிய கோபுரங்கள் இல்லாத மன்னாருக்கு இவையெல்லாம் எதற்கு என்று கேட்கப்படலாம். மதவாச்சி வீதியில் உயிலங்குளத்தைக் கடந்து வருபவர்களை, தீவுக்குள் நுழையும் இடத்திலேயே மன்னார்க் கோட்டை எதிர்கொள்கின்றது. 1560 இல் போர்த்துக்கேயர் கட்டி, 1658 இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை அது. தாழ்ந்த நிலமும் திறந்த கடலும் சூழ்ந்த இவ்விடத்தில் அதன் தோற்றத்தைக் கெடுப்பதற்கு 70 மாடிகள் தேவையில்லை. நான்கைந்து மாடிகளே போதும். அரிப்பில் ஆளுநர் பிரடெரிக் நோர்த்தின் காலத்தில் எழுந்த மாளிகை கடலரிப்பினால் சிதைந்து வருகின்றது. 1815 இற்குப் பிற்பட்ட தேவாலயங்கள், பள்ளிவாசல்கள், கோயில்கள், வணிகர் இல்லங்கள் ஆகியவற்றுக்கோ இயல்பான பாதுகாப்பு இல்லை. 1990 இல் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது கைவிடப்பட்டவையும், தமிழ்க் கிராமங்களில் போரினால் சிதைந்தவையும் இவற்றுள் அடங்கும்.

இங்கு ஓர் உண்மையை மறைப்பதற்கில்லை. வடக்கு, கிழக்கில் தொல்பொருளியல் திணைக்களத்தின் பெயர்ப்பலகையைக் கண்டால் தமிழரும் முஸ்லிம்களும் காணி பறிபோகும் என்றே அஞ்சுகின்றனர். 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கான ஜனாதிபதி செயலணி நியமிக்கப்பட்டபோது, அதில் தமிழரோ முஸ்லிமோ ஒருவரும் இருக்கவில்லை. அந்த அச்சம் காரணமற்றதல்ல. ஆனால், அதன் விளைவாக எமது பழைய கட்டடங்களை நாமே பதிவு செய்யாமல் விடுவோமாயின், இழப்பு இரட்டிப்பாகும்.

எனவே, உள்ளூராட்சி மன்றங்கள் மத நிறுவனங்களுடனும் பாடசாலைகளுடனும் இணைந்து தத்தம் பிரதேசத்தின் பழைய கட்டடங்களுக்கான பட்டியலொன்றைத் தயாரிக்க வேண்டும். அவற்றின் அருகே அனுமதி பெற்ற எந்தக் கட்டடமும் உயரத்திலோ, அடித்தளப் பரப்பிலோ, பயன்பாட்டிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் கோரினால், அது புதிய விண்ணப்பமாகவே கருதப்பட வேண்டும். பழைய வரைபடமும் புதிய வரைபடமும் அருகருகே, தமிழில் விளக்கத்துடன் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். லண்டனில் ஒரு சதுக்கத்தின் பகுதியைக் காத்தது இந்த எளிய நடைமுறையே. இதற்குப் பெருஞ்செலவு எதுவுமில்லை. மன்னாரில் எவரும் இன்னும் உயர்ந்த கோபுரம் எழுப்ப முன்வராத இக்காலமே இதனைச் செய்வதற்கு உகந்த காலமாகும்.