தசைப்படலத் தளர்வுச் சிகிச்சை

தசைகளைச் சூழ்ந்துள்ள படலத்தைக் கையால் மெல்ல அழுத்தியும் இழுத்தும் இறுக்கத்தையும் வலியையும் குறைக்க முயலும் இயன்முறை மருத்துவமே தசைப்படலத் தளர்வுச் சிகிச்சை. பிசியோதெரபி நிலையங்களில் இது மயோஃபேசியல் ரிலீஸ் என்றே வழங்குகிறது.

ஆட்டுக்கறி நறுக்கும்போது சதையோடு ஒட்டிக்கொண்டு வரும் வெண்சவ்வுதான் தசைப்படலம். நம் உடலில் இது ஒவ்வொரு தசையையும் அதனுள்ளிருக்கும் நார்க்கற்றைகளையும் உறையிட்டு, அண்டைத் தசைகளோடு பிணைக்கிறது. இதற்கு வலிமை தருபவை கொலாஜன் இழைகள். அடுக்குகளுக்கு இடையே ஹயலுரோனன் என்னும் வழுவழுப்பான பொருள் இருப்பதால் அவை உரசாமல் நகர்கின்றன. உடற்கூறு வகுப்புகளில் தசை தெரிவதற்காக வெகுகாலம் வெட்டி ஒதுக்கப்பட்ட இப்படலத்தில் உணர்நரம்பு முனைகள் நிறைந்திருப்பது பின்னர் தெரியவந்தது. 2007இல் பாஸ்டனில் இதற்கெனத் தனி ஆய்வு மாநாடே கூடியது.

அசைவு குறைந்தால் ஹயலுரோனன் பிசுபிசுத்து அடுக்குகளின் நகர்வு தடைபடும் என்பது இத்தாலியின் பாதுவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்லா ஸ்டெக்கோ முதலானோரின் கருத்து. நாள்பட்ட இடுப்புவலி உள்ளோரின் முதுகுப் படலத்தில் அந்நகர்வு ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருப்பதை ஹெலீன் லாங்கெவின் குழு 2011இல் அல்ட்ராசவுண்ட் மூலம் காட்டியது. நகர்வு குறைந்ததால் வலி வந்ததா, வலிக்கு அஞ்சி அசையாதிருந்ததால் நகர்வு குறைந்ததா என்பதை அந்த ஆய்வு தீர்க்கவில்லை.

சிகிச்சையின் வேர் அமெரிக்காவில் உள்ளது. ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1892இல் மிசௌரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில்லில் தொடங்கிய, ஆஸ்டியோபதி என்னும் கைமருத்துவ முறைக்கான பள்ளி, உயிர்வேதியியலாளர் ஐடா ரால்ஃபின் கைமுறை, அதிபர் கென்னடியின் மருத்துவர் ஜேனட் டிராவெல் தசை முடிச்சுகள் பற்றிச் செய்த பணி ஆகியவை இதற்கு வழியமைத்தன. டிராவெல், டேவிட் சைமன்ஸுடன் 1983இல் வெளியிட்ட கையேடு இன்றும் புழக்கத்தில் உள்ளது.

சிகிச்சையாளர் எண்ணெய் தடவாமலோ மிகக் குறைவாகத் தடவியோ, இறுகிய இடத்தில் கையை ஊன்றிச் சில நிமிடங்கள் காத்திருப்பார். படலம் நீண்டு இளகுவதாகப் பலரும் சொல்வார்கள். ஆனால் தொடையின் பக்கவாட்டுப் படலத்தையும் உள்ளங்கால் படலத்தையும் சிறிதளவு உருமாற்றவே கையால் தர முடியாத விசை வேண்டும் என்று 2008இல் வெளியான கணித ஆய்வு ஒன்று கணக்கிட்டது. தொடுகைக்கு நரம்பு மண்டலம் இணங்கித் தசையின் விறைப்பைத் தளர்த்துகிறது என்ற விளக்கமே இதைவிடப் பொருந்துகிறது.

பலன் உண்டு, அது பெரும்பாலும் குறுகிய காலத்துக்கே. இதைத் தாமே செய்துகொள்ள உதவும் நுரை உருளையான ஃபோம் ரோலரில் உருண்டு எழுந்ததும் மூட்டு கூடுதலாக வளையும். சற்று நேரத்தில் பழைய நிலை திரும்பும். தளர்ந்திருக்கும் அந்த இடைவெளியில் உடலை இயக்குவதே முக்கியம். தொடர்ந்து நடப்பதும் நீட்சிப் பயிற்சியும் படிப்படியாகப் பளு கூட்டுவதும் தசையை வலுப்படுத்தி, கொலாஜனைச் சுமைக்கேற்பச் சீரமைக்கும். கொலாஜன் மெதுவாகவே புதுப்பிக்கப்படுவதால் இதற்கு மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். பயிற்சியே சொல்லித் தராமல் வாரந்தோறும் மேசையில் படுக்கச் சொல்லும் சிகிச்சை அரைகுறையானது.

எலும்பு முறிவு, கடும் எலும்புத் தேய்மானம், தோல் தொற்று, புற்றுநோய் உள்ளவர்களும் இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதற்குப் போகக் கூடாது. ஒரு காலில் மட்டும் திடீரென வீக்கமும் வலியும் கண்டால் ஆழ்சிரையில் இரத்தம் உறைந்திருக்கலாம். தசைப்பிடிப்பென்று தேய்த்துவிடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.