பிக்கப் சரக்குந்து

பிக்கப் சரக்குந்து என்பது மூடிய ஓட்டுநர் அறையையும், அதன் பின்புறம் மேற்கூரையற்ற சுமைத்தட்டையும் கொண்ட இலகுவகைச் சரக்குந்து ஆகும். சுமைத்தட்டின் பின்கதவைக் கீழ்நோக்கித் திறந்து பொருட்களை ஏற்றி இறக்கலாம். ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் இது வேளாண்மை, கட்டுமானம் போன்ற தொழில்களுக்கு மட்டுமன்றி, குடும்ப வண்டியாகவும் பெருமளவில் பயன்படுகிறது. ஆஸ்திரேலியாவில் இதனை "யூட்" என்பர். இலங்கையில் "கெப்" என்ற பெயர் வழங்குகிறது. தமிழ்நாட்டில் "குட்டியானை" என்று அழைக்கப்படும் டாடா ஏஸ் இருக்கைக்கு அடியில் எந்திரம் கொண்ட குறுஞ்சரக்குந்து. எனவே அது இவ்வகையைச் சேர்ந்ததன்று.

சுமை தாங்கும் திறனும் பயண வசதியும் ஒன்றையொன்று எதிர்க்கும் பண்புகள். ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று ஓரளவு குறைகிறது. இவ்வண்டிகளின் வடிவமைப்பும், அவற்றைத் தெரிவு செய்வதில் ஏற்படும் குழப்பங்களும் பெரும்பாலும் இதிலிருந்தே தோன்றுகின்றன. இக்கட்டுரை முதன்மையாக வட அமெரிக்கச் சந்தையில் உள்ள வண்டிகளைப் பற்றியது.

வரலாறு

தொடக்கத்தில் தானுந்து வாங்கியவர்கள் அதன் பின்பகுதியை அகற்றிவிட்டு மரப்பெட்டியைத் தாமே பொருத்திக்கொண்டனர். 1925 இல் ஃபோர்டு நிறுவனம் தனது மாடல் டி தானுந்தைத் தொழிற்சாலையிலேயே சுமைப்பெட்டி பொருத்தி 281 டாலருக்கு விற்றது. ஆஸ்திரேலியாவில் ஒரு விவசாயியின் மனைவி, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கும் திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்கும் கொண்டுசெல்லத்தக்க ஒரே வண்டி வேண்டும் என ஃபோர்டு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதியதாகவும், அதன் விளைவாக லூயிஸ் பாண்ட் என்ற இளம் வடிவமைப்பாளர் 1934 இல் வெளிவந்த யூட் வண்டியை உருவாக்கியதாகவும் சொல்லப்படுகிறது. வசதி, சுமை ஆகிய இரண்டையும் ஒரே வண்டியில் எதிர்பார்க்கும் வழக்கம் அவ்வளவு பழமையானது.

ஃபோர்டின் எஃப் வரிசை 1948 ஆம் ஆண்டு மாதிரியாக அறிமுகமானது. 1957 இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் ஆறு பேர் அமரக்கூடிய டிராவலெட் மாதிரியை வெளியிட்டது. அதுவரை மூவர் நெருக்கியடித்து அமர்ந்த பணிவண்டியாக இருந்த பிக்கப், படிப்படியாகக் குடும்பத்தினரையும் ஏற்றிச்செல்லத் தொடங்கியது.

அமெரிக்கச் சந்தையில் சிறிய பிக்கப்புகள் அருகிப்போனதற்கு ஒரு வரியும் காரணமாகும். ஐரோப்பிய நாடுகள் அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு விதித்த தீர்வைக்குப் பதிலடியாக, இறக்குமதியாகும் இலகுவகைச் சரக்குந்துகளுக்கு அமெரிக்கா 25 விழுக்காடு வரி விதித்தது. 1964 இல் நடைமுறைக்கு வந்த இது இன்றும் "கோழி வரி" என்றே அழைக்கப்படுகிறது. கோழிப் பிணக்கில் பங்கில்லாத ஜப்பானிய நிறுவனங்களையும் இது பாதித்தது. 1970களின் பிற்பகுதியில் சுபாரு நிறுவனம் தனது பிராட் வண்டியின் திறந்த சுமைத்தட்டில் இரண்டு நெகிழி இருக்கைகளைப் பொருத்தி, அதனைப் பயணிகள் வண்டியாகக் கணக்குக்காட்டி இவ்வரியைத் தவிர்த்தது. உலகின் பல நாடுகளில் பெயர்பெற்ற டொயோட்டா ஹைலக்ஸ் 1990களின் நடுப்பகுதிக்குப் பின் அமெரிக்காவில் விற்கப்படவில்லை. அதனிடத்தை டகோமா பிடித்தது.

சட்டகமும் விற்களும்

பெரும்பாலான பிக்கப்புகள் ஏணிச் சட்டகத்தின் மீது கட்டப்படுகின்றன. இரண்டு நீண்ட எஃகு விட்டங்களைக் குறுக்கு விட்டங்கள் இணைக்கின்றன. ஓட்டுநர் அறையும் சுமைத்தட்டும் இச்சட்டகத்தின் மீது தனித்தனியே அமர்கின்றன. பெருஞ்சுமையையும் இழுவிசையையும் சட்டகம் ஏற்பதால் உடற்பகுதி முறுக்கப்படுவதில்லை. எனினும் எடை கூடுகிறது. ஓட்டுநர் அறையின் தரை உயர்கிறது. கரடுமுரடான சாலையில் அறையும் சுமைத்தட்டும் தனித்தனியே அதிர்வதை உணரலாம்.

பின் அச்சில் வழக்கமாக லீஃப் ஸ்பிரிங் எனப்படும் பட்டைவிற்கள் பயன்படுகின்றன. முழுச்சுமையையும் தாங்க வேண்டியிருப்பதால் இவை விறைப்பாக இருக்கும். ஒரு வில்லின் அதிர்வெண், அதன் விறைப்பை அது தாங்கும் பொருண்மையால் வகுத்துவரும் மதிப்பின் வர்க்கமூலத்தைச் சார்ந்தது. சுமைத்தட்டு வெறுமையாக இருக்கும்போது பின்புறப் பொருண்மை மிகக் குறைவு என்பதால் அதிர்வெண் உயர்ந்து, ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் வண்டியின் பின்பகுதி துள்ளுகிறது. அதே வண்டி 400 கிலோகிராம் ஏற்றியவுடன் சீராக ஓடும். எனவே வெற்றுவண்டியை மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு, "வசதியற்றது" என்று முடிவு செய்வது முழுமையான மதிப்பீடாகாது. மறுபுறம், ஆண்டில் பெரும்பகுதி வெற்றுவண்டியாகவே ஓடப்போகிறது என்றால் அம்மதிப்பீடே சரியானது.

இச்சிக்கலைத் தீர்க்கப் பல முயற்சிகள் நடந்துள்ளன. ஷெவர்லே நிறுவனம் 1960களிலேயே தனது பிக்கப்புகளின் பின் அச்சில் சுருள்விற்களைப் பயன்படுத்தியது. ராம் 1500 வண்டிக்கு 2009 மாதிரியிலும், டொயோட்டா டண்ட்ராவுக்கு 2022 மாதிரியிலும் பின்புறச் சுருள்விற்கள் வந்தன. சுருள்வில் மேலும் கீழும் மட்டுமே இயங்கும். அச்சை அதன் இடத்தில் நிறுத்துவதற்குத் தனி இணைப்புத் தண்டுகள் தேவைப்படும். பட்டைவில் இவ்விரு வேலைகளையும் தானே செய்துவிடுகிறது. மிகுசுமை வண்டிகள் பலவற்றில் அது இன்னும் நீடிப்பதற்கு இந்த எளிமையே காரணம்.

2006 மாதிரியாக வந்த ஹோண்டா ரிட்ஜ்லைன் வேறு வழியைப் பின்பற்றியது. தானுந்தைப் போன்ற ஒற்றை உடற்கூடும், ஒவ்வொரு பின்சக்கரமும் தனித்து இயங்கும் தொங்கலமைப்பும் அதற்கு உண்டு. ஏறத்தாழ 700 கிலோகிராம் சுமக்கும். 2,270 கிலோகிராம் வரை இழுக்கும். இதனை "உண்மையான சரக்குந்து அன்று" என ஒதுக்குவோர் உண்டு. ஆனால் இந்த அளவுகளுக்கு மேல் தேவைப்படாத வீடுகளே மிகுதி. 2022 மாதிரியாக வந்த ஃபோர்டு மேவரிக் இதைவிடச் சிறியது. அதற்கும் ஒற்றை உடற்கூடே.

சுமைத்திறனும் இழுதிறனும்

அமெரிக்க வழக்கில் பிக்கப்புகள் அரை டன், முக்கால் டன், ஒரு டன் என வகைப்படுத்தப்படுகின்றன. ஃபோர்டு வரிசையில் எஃப்-150, எஃப்-250, எஃப்-350 ஆகியவை முறையே இவ்வகைகளைச் சேர்ந்தவை. இப்பெயர்கள் ஒரு காலத்தில் சுமைத்திறனைக் குறித்தன. இன்று அரை டன் வண்டிகள் பலவும் அதனைவிடக் கூடுதலாகச் சுமக்கின்றன. ஆகவே பெயரை வைத்துத் திறனைக் கணிக்க இயலாது.

சுமைத்திறன் என்பது வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச மொத்த எடையிலிருந்து, எரிபொருள் நிரப்பிய வெற்றுவண்டியின் எடையைக் கழித்து வருவது. பயணிகளின் எடையும் இதற்குள் அடங்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. விளம்பர ஏட்டில் அச்சிடப்படும் உச்ச அளவு, பெரும்பாலும் மிகக்குறைந்த வசதிகள் கொண்ட ஒரு குறிப்பிட்ட மாதிரிக்கே பொருந்தும். நான்கு சக்கர இயக்கம், பெரிய ஓட்டுநர் அறை, கண்ணாடிக் கூரை, மின்னியக்க இருக்கைகள் என ஒவ்வொன்றும் வண்டியின் எடையைக் கூட்டிச் சுமைத்திறனைக் குறைக்கிறது. ஆடம்பர மாதிரி கூடுதல் விலைக்குக் குறைவாகச் சுமப்பது இதனால்தான். குறிப்பிட்ட வண்டிக்குரிய உண்மையான அளவு, ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டப்பட்டுள்ள சிட்டையில் இருக்கும். பயணிகளும் சரக்கும் சேர்ந்து தாண்டக்கூடாத எடையாக அது தரப்பட்டிருக்கும். விற்பனைக்கூடத்தில் ஒரே நிறத்தில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு வண்டிகளின் சிட்டைகள்கூட வேறுபடலாம்.

இழுவண்டியின் எடையில் ஏறத்தாழ 10 முதல் 15 விழுக்காடு இணைப்புக் கொக்கியின் மீது அழுந்துகிறது. இந்த எடையும் சுமைத்திறனிலிருந்தே கழிக்கப்பட வேண்டும். எடுத்துக்காட்டாக, சிட்டையில் 680 கிலோகிராம் என்றுள்ள வண்டியில் நால்வர் 280 கிலோகிராம், பயணப்பொதிகள் 60 கிலோகிராம், வாங்கியபின் பொருத்திய தட்டுமூடி 40 கிலோகிராம் எனக் கொள்வோம். எஞ்சுவது 300 கிலோகிராம். 3,200 கிலோகிராம் எடையுள்ள இழுவண்டியை மாட்டினால் கொக்கியில் குறைந்தது 320 கிலோகிராம் அழுந்தும். விளம்பர ஏடு 5,000 கிலோகிராம் இழுக்கும் என்று கூறினாலும், இவ்வண்டி இப்போதே தன் எல்லையைத் தாண்டிவிட்டது. எந்திரம் இழுக்கும் என்பது உண்மைதான். அழுத்தத்துக்கு உள்ளாவது பின் அச்சு, டயர்கள், தடைகள் ஆகியவை. பின்புறம் தாழும்போது முன்சக்கரங்களின் பிடிப்புக் குறைந்து, திசைதிருப்பல் தளர்கிறது. கொக்கி எடையைக் குறைப்பதற்காக இழுவண்டியின் பின்பகுதியில் சுமையைக் குவிப்பது இதைவிட இடர்மிக்கது. அவ்வாறு ஏற்றிய இழுவண்டி விரைவுச்சாலையில் பக்கவாட்டில் ஊசலாடி வண்டியையே கவிழ்த்துவிடக் கூடும்.

2015 மாதிரி எஃப்-150 வண்டியின் உடற்பகுதி எஃகிலிருந்து அலுமினியத்துக்கு மாற்றப்பட்டது இந்தக் கணக்கோடு தொடர்புடையது. வண்டியின் எடையில் குறைக்கப்படும் ஒவ்வொரு கிலோகிராமும், உச்ச மொத்த எடை மாறாதவரை, சுமைத்திறனில் சேர்கிறது.

அளவுகள்

ஓட்டுநர் அறை பெரிதானால் அதே நீள வண்டியில் சுமைத்தட்டு சிறிதாகும். நான்கு முழுக்கதவுகளும் ஐந்தரை அடித் தட்டும் கொண்ட எஃப்-150 ஏறத்தாழ 5.9 மீட்டர் நீளமுடையது. எட்டடித் தட்டு வேண்டுவோர் வண்டியைத் திருப்புவதற்கும் நிறுத்துவதற்கும் இடம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். கட்டுமானத் தொழிலாளருக்கு 4 அடிக்கு 8 அடி ஒட்டுப்பலகை தட்டையாகக் கிடக்குமா என்பதே முதல் கேள்வி. முழு அளவு வண்டிகளில் சக்கர மேடுகளுக்கு இடையில் இதற்கு இடமுண்டு. நடுத்தர அளவு வண்டிகள் பலவற்றில் இல்லை.

உயர்ந்த முன்மூடியால் வண்டிக்கு மிக அருகில் நிற்கும் சிறுகுழந்தை ஓட்டுநரின் பார்வையில் படாமல் போகலாம். அமெரிக்காவில் 2018 மே முதல் புதிய இலகுவகை வண்டிகளுக்குப் பின்புறப் படக்கருவி கட்டாயமாக்கப்பட்டது. முன்புறத்துக்கு அத்தகைய கட்டாயம் அதில் இல்லை.

நம்பகத்தன்மை

நம்பகத்தன்மையை நிறுவனத்தின் பெயரைக் கொண்டு மட்டும் அளவிடுவது பொருத்தமற்றது. நீடித்துழைப்பதில் நற்பெயர் பெற்ற டொயோட்டா, 2022, 2023 மாதிரி டண்ட்ராக்கள் உட்பட ஏறத்தாழ 1 இலட்சம் வண்டிகளை 2024 இல் திரும்ப அழைத்தது. உற்பத்தியின்போது எந்திரத்துள் தங்கிய உலோகத் துகள்களே காரணம். 2025 இல் ஜெனரல் மோட்டார்ஸ் தனது 6.2 லிட்டர் எந்திரம் கொண்ட ஏறத்தாழ 6 இலட்சம் வண்டிகளை அமெரிக்காவில் திரும்ப அழைத்தது. ஒரு புதிய வடிவமைப்பின் முதலாண்டு வண்டியைத் தவிர்ப்பது பழைய அறிவுரையெனினும் இன்றும் பயனுள்ளது. வண்டியின் அடையாள எண்ணைக் கொண்டு, நிறைவேற்றப்படாத திரும்பழைப்பு ஏதும் உள்ளதா என்பதை அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிருவாகத்திடம் கட்டணமின்றி அறியலாம்.

பனிக்காலத்தில் சாலைகளில் உப்புத் தூவப்படும் வட மாநிலங்களிலும் கனடாவிலும் துருவே முதன்மையான பகை. டகோமா, டண்ட்ரா முதலிய சில பழைய மாதிரிகளின் சட்டகங்கள் துருவேறிய வழக்கில் டொயோட்டா 2016 இல் உடன்பாடு கண்டது. பழைய வண்டி வாங்குவோர் பளபளக்கும் உடற்பகுதியைவிட அடியிலுள்ள சட்டகத்தையே முதலில் பார்க்க வேண்டும். சிறு சுத்தியலால் தட்டும்போது கணீரென்று ஒலிக்காமல் மந்தமாக ஒலித்தாலோ, செதில்கள் உதிர்ந்தாலோ அவ்விடம் அரித்துள்ளது எனலாம். அண்மையில் பூசப்பட்ட கறுப்புப் பூச்சு கூடுதல் ஐயத்துக்குரியது. இணைப்புக் கொக்கியின் தேய்மானமும் தட்டையாகிப்போன பட்டைவிற்களும் வண்டி எவ்வளவு உழைத்துள்ளது என்பதைக் காட்டிவிடும்.

டீசல் எந்திரங்கள் நெடுந்தொலைவு இழுப்பதற்கு ஏற்றவை. ஆனால் அண்மைக்கால டீசல் வண்டிகளின் கரித்துகள் வடிகட்டி, எந்திரம் நன்கு சூடேறி ஓடினால்தான் தன்னைத் தூய்மை செய்துகொள்ளும். கடைக்கும் பள்ளிக்கும் மட்டும் செல்லும் வண்டியில் அது அடைபட்டுப் பெருஞ்செலவு வைக்கும். நான்கு சக்கர இயக்கத்திலும் கவனம் தேவை. நடுவில் வேறுபாட்டுப் பல்லமைப்பு இல்லாத எளிய வகையை உலர்ந்த தார்ச்சாலையில் இயக்கினால், திருப்பங்களில் அச்சுகள் ஒன்றையொன்று முறுக்கிப் பழுதடையும்.

விலை

வாங்கும் விலையுடன் எரிபொருள், காப்புறுதி, டயர்கள், மறுவிற்பனை மதிப்பு ஆகியவற்றையும் சேர்த்தே செலவைக் கணக்கிட வேண்டும். டகோமா போன்ற வண்டிகள் பழையதாகும்போதும் விலை அதிகம் குறைவதில்லை. இது விற்பவருக்கு ஆதாயம். இரண்டாம் கையாக வாங்குபவருக்கு அன்று. ஐந்தாண்டு பழைய வண்டிக்கும் புதியதற்கும் இடையே விலை வேறுபாடு சிறிதெனில், உத்தரவாதத்துடன் வரும் புதியதே மலிவாக அமையலாம். ஆண்டுக்கு நான்கைந்து முறை மட்டும் மரமோ மண்ணோ ஏற்ற வேண்டியவர்களுக்கு வட அமெரிக்க நகரங்களில் வீட்டுப்பொருட் கடைகளே பிக்கப்புகளை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகின்றன. ஐரோப்பாவில் இதே வேலையைச் சாதாரணத் தானுந்தும் அதன் பின்னால் மாட்டிய சிறு இழுவண்டியும் செய்துவிடுகின்றன.