எடை குறைப்பு மருந்து: தகுதி வரையறை (ஊவா மாகாணம்)

எடை குறைப்பு மருந்தை வைத்தியர் எவருக்கு எழுதலாம், எவருக்கு எழுதக்கூடாது என்பதை உடல் திணிவுச் சுட்டெண், கூடவே உள்ள நோய்கள், மருந்து சேராத உடல்நிலைகள் ஆகிய மூன்றும் தீர்மானிக்கின்றன. இலங்கையில் மருந்துகளைப் பதிவுசெய்யும் பொறுப்பு 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின்படி தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைக்கு உரியது. இச்சட்டத்தின் வேர் ஊவாவிலேயே இருக்கிறது எனலாம். தேவையான மருந்தைத் தேவையானவருக்கு மட்டும் என்ற கொள்கையை நாட்டில் நிலைநாட்டிய பேராசிரியர் சேனக்க பிபிலே, ஊவா வெல்லச பிபிலைக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவரது முயற்சியில் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் 1971 இல் உருவானது.

சுட்டெண் என்பது கிலோகிராமில் நிறையை, மீற்றரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண். இதை 1832 இல் முன்வைத்த பெல்ஜிய நாட்டு அடொல்ப் கெத்தலே வைத்தியரல்லர், வானியலாளர், புள்ளிவிவரவியலாளர். சராசரி மனிதனின் அளவைத் தேடியவருக்கு நோயாளியைப் பற்றிய நினைப்பே இருக்கவில்லை. 1972 இல் அமெரிக்க உடற்றொழிலியலாளர் அன்சல் கீஸ் இதற்கு இன்றைய பெயரைச் சூட்டினார். ஐந்து நாடுகளில் சுமார் 7,400 பேரை வைத்து அவர் செய்த ஆய்வில் ஒரு பெண்கூடச் சேர்க்கப்படவில்லை. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகம் 1998 இல், சுட்டெண் 30 அல்லது அதற்கு மேல் இருந்தால் மருந்து எழுதலாம், நீரிழிவு, உயர் குருதியமுக்கம் போன்ற நோய் கூடவே இருந்தால் 27 போதும் என்று வகுத்தது. மருந்துப் பெட்டிக்குள் வரும் தாள்களில் இன்றும் பெரும்பாலும் இந்த இரண்டு எண்களே காணப்படுகின்றன.

தெற்காசிய உடலுக்கு இவ்வெல்லை பொருந்தாது. ஒரே சுட்டெண்ணில் ஐரோப்பியரைவிடத் தெற்காசியருக்கு வயிற்றுக் கொழுப்பு கூடுதல்; நீரிழிவும் முந்தி வருகிறது. 2000 இல் வெளியான ஆசிய-பசிபிக் வகைப்பாடு 23 ஐ அதிநிறையின் தொடக்கமாகவும் 25 ஐ உடற்பருமனின் தொடக்கமாகவும் கொண்டது. 2004 இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ஆசிய மக்களுக்கு 23, 27.5 ஆகியவற்றை நடவடிக்கைப் புள்ளிகளாகச் சேர்த்தது. பிரித்தானிய வழிகாட்டல் தெற்காசியருக்கு மருந்தின் எல்லையையே 2.5 அலகு இறக்குகிறது. இடுப்புச் சுற்றளவில் ஆணுக்கு 90 சென்றிமீற்றரும் பெண்ணுக்கு 80 சென்றிமீற்றரும் எச்சரிக்கை எல்லைகள்.

பசறை, ஹாலி-எல, அப்புத்தளைத் தோட்டங்களில் இந்த வேறுபாட்டைக் கிலோவிலேயே காணலாம். 150 சென்றிமீற்றர் உயரமுள்ள கொழுந்து பறிக்கும் பெண் ஒருவர் சுட்டெண் 30 ஐத் தொட 67.5 கிலோ இருக்க வேண்டும், 27.5 ஐத் தொட 62 கிலோ போதும். ஆக, 63 கிலோ நிறையுள்ள, வேறு நோயில்லாத பெண் அமெரிக்கக் கணக்கில் தகுதியற்றவர். இறக்கிய எல்லையில் தகுதியுள்ளவர். அவருக்குச் சீனி வியாதி இருந்தால் இரண்டு கணக்கிலும் தகுதி உண்டு. அளவிலும் கவனம் வேண்டும். மலையிலிருந்து நேரே வருபவர் செருப்பையும் நனைந்த படங்கையும் கழற்றாமல் தராசில் ஏறினால், எல்லைக்கோட்டில் நிற்பவரின் தகுதி மாறிவிடும். கொழுந்துக் கூடை நாளுக்கு இரண்டு மூன்று தடவை நிறுக்கப்படும். கூடை சுமப்பவரோ, பிள்ளைப்பேற்றுக் காலம் கழிந்தால், கிளினிக் கொப்பி திறக்கும் வரை பெரும்பாலும் தராசைக் காண்பதில்லை.

தோட்டப்புறத்தின் நோய்ப் பதிவு நெடுங்காலம் போசாக்கின்மையின் பதிவாகவே இருந்தது. 1872 ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டத்திலிருந்து வளர்ந்த தோட்ட டிஸ்பென்சரி, காய்ச்சல், வயிற்றோட்டம், இரத்தச்சோகை, பிரசவம் ஆகியவற்றுக்கு அமைந்தது. 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டப் பிள்ளைகளில் ஏறத்தாழ 32 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள்; நாட்டின் சராசரி 17 சதவீதம். குட்டையாக வளர்ந்த உடலில், பின்னாளில் கோதுமை மா ரொட்டியும் சீனி கூடிய தேநீரும் சேர்க்கும் சில கிலோவே சுட்டெண்ணை வேகமாக ஏற்றிவிடும். ஒரே லயத்து வீட்டில் மெலிந்த பிள்ளையும் பருத்த தாயும் இருப்பதில் முரண் ஏதுமில்லை.

எழுதப்படும் மருந்துகளில் ஒலிஸ்டாட் சாப்பாட்டுடன் விழுங்கும் கப்சியூல். உணவுக் கொழுப்பில் ஒரு பகுதி உடலில் சேராமல் தடுப்பது. எண்ணெய்ப் பசையுள்ள மலம் அதன் தொல்லை. லிரக்ளுடைட், செமக்ளுடைட், டிர்செபடைட் ஆகியவை பசியை அடக்கும் ஊசிகள். முதலாவது தினமும், மற்ற இரண்டும் வாரத்துக்கு ஒருமுறையும் போடப்படும். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் எடை குறைப்பு மருந்து எழுதப்படுவதில்லை. செமக்ளுடைட் போடுபவர் கருத்தரிக்க எண்ணினால் இரண்டு மாதம் முன்னரே நிறுத்த வேண்டும். தைரொயிட் சுரப்பியின் மெடுலரிப் புற்றுநோய் தமக்கோ குடும்பத்தாருக்கோ வந்திருந்தால் ஊசி கூடாது. கணைய அழற்சி கண்டவருக்குத் தவிர்ப்பதே நல்லது. இன்சுலினோ கிளிக்கிளசைட் போன்ற நீரிழிவு வில்லையோ எடுப்பவருக்கு ஊசியும் சேர்ந்தால் சீனி திடீரென இறங்கலாம். காலைப் பெரட்டுக்கு வெறும் வயிற்றோடு போய்ச் சரிவில் நிற்பவருக்கு இது சிறு ஆபத்தல்ல.

ஊவாவில் இன்று நடைமுறை சுருக்கமானது: பதுளை போதனா வைத்தியசாலைக் கிளினிக்கில் நீரிழிவுக்கு மெட்போமின் இலவசமாகக் கிடைக்கும், புதிய ஊசிகள் காசுள்ளவருக்கே. தோட்டத் தொழிலாளருக்கு அது எளிதன்று: 2024 இல் நிர்ணயிக்கப்பட்ட தோட்ட அடிப்படை நாட்கூலி 1,350 ரூபாவாகவே இருந்தது.

தகுதி ஒருமுறை தீர்மானித்து முடிவதன்று. ஐரோப்பிய விதியின்படி, ஒலிஸ்டாட் தொடங்கிய 12 வாரத்தில் நிறை 5 சதவீதமேனும் குறையாவிட்டால் மருந்து நிறுத்தப்படும், 67.5 கிலோவுள்ளவருக்கு அது சுமார் 3.4 கிலோ. பயன் தெரிந்தாலும், செமக்ளுடைட் ஊசியை நிறுத்தியோர் இழந்த நிறையில் மூன்றில் இரண்டு பங்கை ஓராண்டில் திரும்பப் பெற்றதாக ஆய்வில் தெரியவந்தது. அதனால் எத்தனை காலம் தொடர முடியும் என்பதை முதற் சீட்டு எழுதும்போதே வைத்தியர் கேட்டறிய வேண்டும்.