ஊர், சேரி, ஆட்சி: அதிகாரப் பரவலின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

எம்.ஏ. தமிழ் படித்த காலத்தில் எங்களை உத்திரமேரூருக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்க் கல்வெட்டைத் தொட்டுக் காட்டிய பேராசிரியர், ஐரோப்பியன் ஜனநாயகம் என்ற சொல்லை மறந்து கிடந்த காலத்திலேயே நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர்கள் என்றார். எல்லோரும் கைதட்டினோம். பக்கத்தில் நின்ற நண்பன் மட்டும், 'எங்க தெருவுக்கு எத்தனை குடம் வச்சாங்களாம்?' என்று காதோடு கேட்டான். அன்றைக்கு அதை வேடிக்கை என்று எடுத்துக்கொண்டு சிரித்தேன். இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குத் தாமதமாக எழுதப்படும் பதில்.

அதிகாரத்தைப் பரவலாக்க வேண்டும் என்பதில் இன்று யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. காந்தியர், இடதுசாரிகள், தன்னார்வத் தொண்டு நிறுவனங்கள், உலக வங்கி எல்லோரும் பேசுகிறார்கள். இத்தனை பேர் ஒத்துப்போகும் ஒரு சொல்லைக் கொஞ்சம் சந்தேகிப்பது நல்லது. அதிகாரம் மேலிருந்து கீழே இறங்க வேண்டும், சரி. கீழே என்றால் எங்கே? இறங்கி வருகிறபோது யார் கையில் போய் விழுகிறது?

2

முதலில் உத்திரமேரூர். முதலாம் பராந்தகன் காலத்து இரண்டு கல்வெட்டுகள். ஒன்று கி.பி. 919, மற்றது 921. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, தகுதியுடையவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்யும் முறையை இவை சொல்கின்றன. அப்படி வந்தவர்களைக் கொண்டு ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர வாரியம் அமைந்தன. கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது. இது சாதாரண விஷயமல்ல. இன்றைய ஒப்பந்தக்காரர்களையும் அவர்களுடைய மைத்துனர்களையும் நினைத்துப் பார்த்தால் பொறாமையாகக்கூட இருக்கிறது.

ஆனால் தகுதிப் பட்டியலை முழுதாகப் படிக்க வேண்டும். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வேதமும் தெரிந்திருக்க வேண்டும். வேதமும் பாஷ்யமும் கற்றவருக்கு அரைக்கால் வேலி போதும் என்று சலுகை. உத்திரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம், பிராமணர்க்குக் கொடுக்கப்பட்ட ஊர். அந்தச் சபை பிராமண நில உடைமையாளர்களின் சபை. அந்த நிலத்தை உழுதவன், ஏரியைத் தூர் வாரியவன், எந்தச் சாதிப் பெண்ணும் அதில் இல்லை. இன்னொன்றையும் நம் பெருமைக் கதையாடல் சொல்வதில்லை. இந்த விதிகளைச் சபை தானாகக் கூடி உண்டாக்கிக்கொள்ளவில்லை. அரசன் ஆணை வந்து, அரசனின் அதிகாரி உடனிருக்கச் செய்யப்பட்ட ஏற்பாடு அது.

பிராமண ஊரை விட்டுவிடுவோம், வேளாளர் ஊர்களில் 'ஊர்' என்ற அவை இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது. அங்கும் நிலமுடையவரே ஊரார். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் பொறித்த கல்வெட்டுகள், கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களின் நிலக் கணக்கைச் சொல்லும்போது, வரியில்லாத இடங்களைத் தனியே கழிக்கின்றன. குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றின் வரிசையில் பறைச்சேரியும் கம்மாணச்சேரியும் தீண்டாச்சேரியும் வருகின்றன. ஊர்நத்தத்துக்கும் வரி இல்லைதான். ஆனால் நத்தம் வேறு, சேரி வேறு என்று எல்லை பிரித்து எழுதப்பட்டுவிட்டது. இந்தப் பிரிவினை வெள்ளைக்காரன் கொண்டுவந்தது அல்ல. ஆயிரம் வருடத்துக்கு முன்பே கல்லில் இருக்கிறது.

'ஊராட்சி' என்ற நம்முடைய அழகான சொல்லில் ஊர் இருக்கிறது, சேரி இல்லை. கிராமத்தில் பேச்சுவழக்கைக் கவனித்தால் தெரியும். 'ஊர்ல என்ன சொல்றாங்க?' என்று சேரியில் கேட்பார்கள். அவர்களும் அந்த ஊரில்தான் இருக்கிறார்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

3

கிராமம் தன்னிறைவான சிறு குடியரசு என்ற சித்திரத்தை நமக்குத் தந்ததில் காலனிய அதிகாரிகளுக்குப் பெரும் பங்குண்டு. 1812இன் ஐந்தாவது அறிக்கையும் 1830இல் சார்லஸ் மெட்காஃப் எழுதிய குறிப்பும் அதற்கு அடித்தளம். அரசுகள் வரும், போகும், கிராமம் அப்படியே இருக்கும் என்பது மெட்காஃபின் வாதம். வரி வசூலிக்க யாரிடம் பேசுவது என்று தேடிக்கொண்டிருந்த கம்பெனியின் கண்ணில் பட்ட கிராமம் இது. 1853இல் மார்க்ஸும் இதே ஆவணங்களை வைத்துத்தான் இந்தியக் கிராமச் சமூகத்தைப் பற்றி எழுதினார். ஆனால் அவை சாதியாலும் அடிமைத்தனத்தாலும் கறைபட்டவை என்பதை மறக்கக் கூடாது என்று அவர் சேர்த்துச் சொன்னார். நம் தோழர்கள் பலர் முதல் பகுதியை மட்டும் படித்தார்கள்.

பரவலாக்கம் அரசுக் கொள்கையாக வருவது 1870இல். மேயோ பிரபு கல்வி, மருத்துவம், சாலை, காவல் போன்ற துறைகளை மாகாணங்களிடம் ஒப்படைத்தார். கூடவே ஒரு நிர்ணயித்த தொகை, அதுவும் அதுவரை ஆன செலவைவிடக் குறைவாக. மிச்சத்தை உள்ளூர் வரி போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். சென்னை மாகாணத்தில் 1871இல் உள்ளூர் நிதிச் சட்டம் வந்தது இந்தப் பின்னணியில்தான். ஆக, இந்தத் துணைக்கண்டத்தில் நவீன அதிகாரப் பரவல், 'செலவை நீங்க பாத்துக்குங்க' என்று கீழே தள்ளிவிட்ட கதையாகத்தான் தொடங்குகிறது. 1882 மே மாதத்தில் ரிப்பன் வெளியிட்ட தீர்மானம்தான் அதற்கு அரசியல் கல்வி என்ற அர்த்தம் கொடுத்தது. 1884இல் சென்னையில் உள்ளாட்சிச் சட்டம் வந்தது. ஜில்லா போர்டுகளும் தாலுகா போர்டுகளும் வந்தன. நிலமும் சொத்தும் உள்ளவர்கள் அவற்றில் போய் உட்கார்ந்தார்கள்.

போர்டு போட்ட சாலை, போர்டு வெட்டிய கிணறு, போர்டு நடத்திய பள்ளிக்கூடம் எல்லாம் பொதுவானவைதானே? 1924இல் ரெட்டைமலை சீனிவாசன், பொதுச் சாலைகளையும் கிணறுகளையும் தாழ்த்தப்பட்டோர் பயன்படுத்தத் தடையில்லை என்று சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. போர்டுகள் ஏற்பட்டு நாற்பது வருடம் கழித்து, பொது என்றால் பொது என்று சட்டமன்றம் தனியாகச் சொல்ல வேண்டியிருந்திருக்கிறது. 'உள்ளூர்' தானாகச் செய்யாததை மேலே போய்க் கேட்டு வாங்க வேண்டியிருந்தது என்பதை இங்கே குறித்துக்கொள்வோம்.

4

1948 நவம்பர் 4 அன்று அரசியலமைப்பு வரைவை அவையில் முன்வைத்துப் பேசிய அம்பேத்கர், கிராமம் என்பது குறுகிய பார்வையும் அறியாமையும் வகுப்புவாதமும் நிறைந்த இடமன்றி வேறென்ன என்று கேட்டார். வரைவு கிராமத்தை விட்டுவிட்டுத் தனிமனிதரை அலகாகக் கொண்டதில் மகிழ்ச்சி என்றார். அவையில் பலர் கோபப்பட்டார்கள். பின்னர் கே.சந்தானம் கொண்டுவந்த திருத்தத்தை அம்பேத்கர் ஏற்றுக்கொண்டார். கிராமப் பஞ்சாயத்துகளை அமைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்ற 40ஆம் பிரிவு வழிகாட்டும் நெறிகளில் சேர்ந்தது.

இதை வைத்து அம்பேத்கரை 'மையப்படுத்தல்வாதி' என்று முத்திரை குத்துவது நம்மிடையே வழக்கம். ஆனால் 1932இல் பம்பாய் சட்டமன்றத்தில் கிராமப் பஞ்சாயத்து மசோதா வந்தபோது அவர் பேசியதைப் பார்க்க வேண்டும். தாழ்த்தப்பட்டோருக்கு உறுதியான பிரதிநிதித்துவம் இல்லாத ஓர் அவையிடம் அவர்களை ஒப்படைக்க முடியாது என்பதே அவர் தரப்பு. பரவலாக்க வேண்டுமா கூடாதா என்பது அவருடைய கேள்வி அல்ல. யாரிடம், எந்தப் பாதுகாப்போடு என்பதுதான் கேள்வி. அதற்கு அரசியலமைப்பு பதில் சொல்ல அறுபது வருடம் ஆனது.

5

இடைப்பட்ட காலத்தில் தமிழ்நாட்டில் நடந்தது என்ன? பல்வந்த்ராய் மேத்தா குழு 1957இல் மூன்றடுக்கு முறையைப் பரிந்துரைத்தது. 1958இல் சென்னைப் பஞ்சாயத்துச் சட்டம் வந்தது. பஞ்சாயத்து யூனியன்கள் உருவாகின. பள்ளிக்கூடம், குடிநீர், சாலை என்று வேலைகள் நடந்தன, மறுப்பதற்கில்லை. யூனியன் சேர்மன் பதவி ஒரு புதிய கிராமப்புறத் தலைமையை உண்டாக்கியது. அந்தத் தலைமை பெரும்பாலும் அந்தந்த வட்டாரத்தின் எண்ணிக்கையும் நிலமும் உள்ள சாதியிலிருந்து வந்தது. இன்னொரு பக்கம், கர்ணமும் மணியக்காரரும் பரம்பரை பரம்பரையாக ஊர்க் கணக்கைக் கையில் வைத்திருந்தார்கள். அந்தப் பரம்பரைப் பதவி ஒழிந்தது 1980இல்தான்.

தேர்தலோ, அரசுக்கு நினைவு வந்தபோது நடந்தது. 1970க்குப் பிறகு 1986. அதற்குப் பிறகு 1996. நடுவில் எல்லாம் தனி அலுவலர் ஆட்சி. மாநில சுயாட்சி என்று தில்லியிடம் உரத்துக் கேட்ட கட்சிகள், கோட்டைக்குக் கீழே சுயாட்சி என்று வந்தால் வாயை மூடிக்கொண்டன.

1992இன் 73ஆம் திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் கட்டாயம். மக்கள்தொகை விகிதப்படி தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் இடம். பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு. தலைவர் பதவிகளிலும் ஒதுக்கீடு. 1994இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1996 அக்டோபரில் தேர்தல். ஆயிரம் வருடத்தில் முதன்முறையாகச் சட்டம் சேரியைப் பார்த்து, ஊருக்கு நீ தலைவன் என்றது.

6

ஊர் என்ன பதில் சொன்னது? மதுரை மாவட்டம் மேலூருக்குப் பக்கத்தில் மேலவளவு. தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. மிரட்டலில் வேட்பாளர்கள் விலகினார்கள். வீடுகள் எரிந்தன. வாக்குப் பெட்டிகள் பறிக்கப்பட்டன. கடைசியில் 1996 டிசம்பர் முடிவில் முருகேசன் தலைவரானார். அலுவலகத்துக்குள் அவரால் போக முடியவில்லை. 1997 ஜூன் 30 அன்று மதுரையில் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பேருந்தை மறித்து, அவரோடு சேர்த்து ஆறு பேரை வெட்டிக் கொன்றார்கள். 2001இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2019 நவம்பரில் அவர்களில் 13 பேர் முன்கூட்டியே விடுதலை ஆனார்கள்.

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டகச்சியேந்தல். இங்கெல்லாம் கத்தி தேவைப்படவில்லை. யாரும் மனுப் போடக் கூடாது, போட்டால் ஜெயித்த அன்றே ராஜினாமா. பத்து வருடம் இப்படியே போனது. 2006 அக்டோபரில் தேர்தல் ஒழுங்காக நடந்தபோது அரசு அதைச் சென்னையில் விழா எடுத்துக் கொண்டாடியது. சட்டப்படி நடக்க வேண்டிய ஒரு தேர்தல் நடந்ததற்கு விழா எடுக்கிற நிலையில் நாம் இருந்தோம்.

அப்படி என்ன இருக்கிறது அந்த நாற்காலியில்? கண்மாய் மீன்பாசி ஏலம் இருக்கிறது. புளிய மரத்து மகசூல் ஏலம், புறம்போக்கு, தெருவிளக்கு, தண்ணித் தொட்டி, இருநூறு ரூபாயோ இரண்டு லட்சமோ எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்ற முடிவு, எல்லாம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஊர் நடுவில் உட்காரும் உரிமை இருக்கிறது. வெறும் நாற்காலிக்காக யாரும் ஆறு பேரைக் கொல்ல மாட்டார்கள். அந்த அதிகாரம் சின்னது, வெறும் அலங்காரம் என்று நகரத்திலிருந்து எழுதுகிற நாம் சொல்லலாம். கொன்றவர்களுக்கும் செத்தவர்களுக்கும் அதன் மதிப்பு சரியாகத் தெரிந்திருந்தது.

7

கொலை நடக்காத இடங்களில் வேலை நுட்பமாக நடக்கிறது. 1994 சட்டத்தின் கீழ் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் காசோலை செல்லும் என்பது ஏற்பாடு. துணைத்தலைவர் பதவிக்கு ஒதுக்கீடு கிடையாது, வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பார்கள். ஆக, தலைவர் சேரியிலிருந்து, துணைத்தலைவர் ஊரிலிருந்து. துணைத்தலைவர் பேனாவைத் திறக்காவிட்டால் ஊராட்சி நின்றது. வேலை நடக்கவில்லை என்றால் பழி தலைவர் மேல். 205ஆம் பிரிவின்படி தலைவரை நீக்கும் அதிகாரம் ஆட்சியரிடம். பக்கவாட்டில் ஊர், மேலே கலெக்டர், நடுவில் ஒரு தலித் தலைவர். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலைவரான தலித் பெண் ஊராட்சிக் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்டார். அதே வருடம் சுதந்திர தினத்தன்று திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் இன்னொரு தலித் பெண் தலைவரைக் கொடியேற்ற விடவில்லை.

தேர்தலும் பழைய கதைக்கே திரும்புகிறது. 2016 அக்டோபரில் நடக்க வேண்டியது நீதிமன்றத்தில் ரத்தாகி, 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களிலும் 2021 அக்டோபரில் மீதி 9 மாவட்டங்களிலும் நடந்தது. 2019இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்தபோது மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தார்கள்.

அப்படியென்றால் அதிகாரம் மேலேயே இருக்கட்டும் என்று சொல்கிறேனா? இல்லை. மேலவளவில் செத்தவர்கள் தனி அலுவலர் வேண்டும் என்று கேட்டுச் சாகவில்லை. தேர்தல் ஐந்து வருடம் தள்ளிப்போனால் ஊர்ப் பெரியவருக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. அவருக்குக் கோயில் இருக்கிறது, நிலம் இருக்கிறது, காவல் நிலையத்தில் பழக்கம் இருக்கிறது. அவர் சொல்லை அதிகாரி கேட்பார். தேர்தல் இல்லாவிட்டால் எல்லாவற்றையும் இழப்பது, அந்த நாற்காலியைத் தவிர வேறு நாற்காலி இல்லாதவர்கள்தான். எனவே அதிகாரப் பரவலை அவநம்பிக்கையோடு பார்ப்பதும் அதற்காகப் போராடுவதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல.

பரவலாக்கம் என்று பேசும்போது நண்பர்கள் சில்லறை விஷயங்களைக் கேட்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். கிராம சபை எங்கே கூடுகிறது, கோயில் வாசலிலா, சேரிக்காரர் வந்து உட்காரக்கூடிய இடத்திலா? துணைத்தலைவர் யார்? கையெழுத்து யாருடையது? தலைவருக்கு நாற்காலி போட்டார்களா? உத்திரமேரூரை மேற்கோள் காட்டும் எந்த மேடையிலும் என் நண்பன் கேட்ட அந்தக் கேள்வியை எழுந்து கேட்கலாம். கைதட்டுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.