இன்ஃப்ளூயென்சாவும் காவலர் பணி மரணமும்

பணியின்போது தொற்றிய இன்ஃப்ளூயென்சாவால் காவலர் இறந்த நிகழ்வுகளில் பெரிதும் குறிப்பிடப்படுபவை 1918–19ஆம் ஆண்டுகளின் உலகக் கொள்ளைநோய்க் காலத்தைச் சேர்ந்தவை. ஏறத்தாழ 5 கோடிப் பேரைப் பலிகொண்டதாக மதிப்பிடப்படும் அந்நோய், குழந்தைகளையும் முதியோரையும் மட்டுமன்றி, 20 முதல் 40 வயதுவரையுள்ள திடகாத்திரமானவர்களையும் பெருமளவில் சாய்த்தது. காவல் படைகளில் மிகுதியாக இருந்தவர்களும் அந்த வயதினரே. வைரஸால் நலிந்த நுரையீரலில் பாக்டீரியா புகுந்து உண்டாக்கிய நிமோனியாவே பெரும்பாலான மரணங்களுக்கு நேரடிக் காரணம்.

நோய் பரவியபோது காவலரின் வேலை குறையவில்லை, கூடியது. பிலடெல்பியாவில் 1918 செப்டம்பர் 28 அன்று நடந்த போர்க்கடன் பத்திர ஊர்வலத்தில் ஏறத்தாழ 2 லட்சம் பேர் திரண்டதையடுத்து மருத்துவமனைகளும் பிணவறையும் நிரம்பி வழிந்தன. வீடுகளில் கிடந்த சடலங்களை அப்புறப்படுத்தும் பணி காவலர் தலையிலும் விழுந்தது. சான்பிரான்சிஸ்கோவில் அக்டோபர் இறுதியில் முகக்கவசம் கட்டாயமாக்கப்பட்டதும், அதை அணியாதவர்களைத் தெருவில் மறித்துக் கைது செய்ய வேண்டியிருந்தது. கவசமின்றி மூச்சு விடுபவரைக் கைக்கெட்டும் தூரத்தில் பிடித்து நிறுத்துவதே அங்கு கடமையாயிற்று. காவலரைக் காத்தது சில மடிப்பு மெல்லிய துணி மட்டுமே. இன்ஃப்ளூயென்சாவுக்குக் காரணமான வைரஸை மனிதரிடமிருந்து பிரித்தெடுத்ததே 1933இல்தான்.

குண்டடிபட்டு இறந்த காவலரின் மரணம் பணியால் நேர்ந்தது என்பதில் ஐயமில்லை; காய்ச்சலில் இறந்தவர் கிருமியைத் தெருவில் பெற்றாரா, தம் வீட்டிலேயே பெற்றாரா என்பதை, ஊரே படுத்திருந்த நாளில் யாராலும் உறுதிப்படுத்த முடியாது. இச்சிக்கல் காவலருக்கு மட்டும் உரியதன்று. மருத்துவமனை ஊழியர் ஒருவர் அக்கொள்ளைநோய்க்குப் பலியான வழக்கில், 1920இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை ஏற்றது. பொதுமக்களுக்கு இருந்ததைவிடக் கூடுதலான தொற்று அபாயத்துக்குப் பணியே ஒருவரை ஆளாக்கியதா என்பது இத்தகைய வழக்குகளில் அம்மாநிலம் பின்பற்றும் அளவுகோலாக நிலைபெற்றது. நியாயமான அளவுகோல்தான், ஆயினும் மெய்ப்பிக்கும் சுமையை அது இறந்தவரின் குடும்பத்தின்மீதே விட்டுவைத்தது.

அச்சுமையை மாற்றும் வழி, சட்டம் தானே கொள்ளும் அனுமானம், அதாவது மாறாகச் சான்று காட்டப்படும்வரை நோய் பணியால் வந்ததாகவே கொள்ளுதல். அமெரிக்கக் கூட்டாட்சி அரசு 2020 ஆகஸ்டில் இயற்றிய சட்டம், கடைசிப் பணிநாளிலிருந்து 45 நாட்களுக்குள் தொற்று உறுதியாகி இறந்த காவலர், தீயணைப்பாளர் முதலியோருக்கு இந்த அனுமானத்தை வழங்கியது. அது கொரோனாத் தொற்றுக்கு மட்டுமே பொருந்தியது. இன்ஃப்ளூயென்சா அதில் சேர்க்கப்படவில்லை.