கறுப்புப் பொடியின் கணக்கு

சின்ன வயசில் தீர்ந்துபோன டார்ச் பேட்டரியை உடைத்துப் பார்த்திருக்கிறீர்களா? நடுவில் ஒரு கரிக்குச்சி. சுற்றிலும், கையில் ஒட்டினால் லேசில் போகாத கறுப்புப் பொடி. அதில் பெரும்பங்கு மாங்கனீஸ் டை ஆக்ஸைடு.

அந்தப் பொடியை அடைத்து எவரெடி பேட்டரி செய்த ஆலை, காலடிப்பேட்டைக்குப் பக்கத்தில் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இருந்தது. காலடிப்பேட்டை என்றதும் யாரோ மகானின் காலடி பட்ட இடம் என்று தோன்றும். இல்லை! 1717 முதல் 1720 வரை சென்னை கவர்னராக இருந்த ஜோசப் காலெட், நெசவாளர்களைக் குடியேற்றிய ஊர் இது. ‘காலெட் பேட்டை’ நம்ம வாயில் புகுந்து காலடிப்பேட்டை ஆகிவிட்டது.

மாங்கனீஸுக்கும் இப்படி ஒரு பேர்க் கதை உண்டு. இந்தியாவில் அதைத் தோண்டும் தொழில் பிறந்தது 1892-ல், அன்றைய சென்னை மாகாணத்தின் விசாகப்பட்டினம் ஜில்லாவில். அங்கே கோடூர் என்றொரு கிராமம். இன்று ஆந்திராவின் விஜயநகரம் பக்கம்.

நூறு கோடி வருஷத்துக்கும் முன்னால் கடலடியில் படிந்த மாங்கனீஸ் சேறு, பூமிக்குள் புதைந்து, வெந்து, கிரானைட் குழம்போடு கலந்து பாறையானது. பிறகு மேலே வந்து, மழையில் மக்கியது. ஒரு பகுதி வெள்ளைக் களிமண் ஆயிற்று. இன்னொரு பகுதி கறுப்புத் தாது. இந்தப் பாறையை ஆராய்ந்த லீ ஃபெர்மர் என்ற வெள்ளைக்கார புவியியலாளர், கிராமத்தின் பேரையே வைத்து ‘கோடூரைட்’ என்றார். நெருப்புக் குழம்பு இறுகி வந்த பாறை என்பது அவர் கட்சி. கடல் சேற்றுக் கதை, பின்னால் வந்தவர்கள் கண்டுபிடித்துச் சொன்னது.

1892-ல் எடுத்தது 674 டன். 1900-ல் 92,008 டன்! ஏன் இந்த வெறி? மாங்கனீஸ் சேர்க்காவிட்டால் எஃகு உறுதியாக இருக்காது. அதனால் தாது அப்படியே கப்பலேறி மேல்நாட்டு உலைகளுக்குப் போனது. பி.காம். படித்த எனக்கு இங்கேதான் உறுத்துகிறது. மண்ணை மண் விலைக்கு விற்றோம். அதே மண் சேர்ந்த தண்டவாளத்தை எஃகு விலைக்கு வாங்கினோம். கோடூர் பக்கத்து கரிவிடியில் ஃபெரோ மாங்கனீஸ் ஆலை வந்தது 1950-களில்தான். அதற்குள் அறுபது வருஷம் ஓடிவிட்டது.

கணக்கில் வராத செலவு இன்னொன்று. மாங்கனீஸ் தூசி வருஷக்கணக்கில் உள்ளே போனால் நரம்பைத் தாக்கும். கை நடுங்கும், நடை தள்ளாடும். ஸ்காட்லாந்தில் மாங்கனீஸ் அரைத்த தொழிலாளிகளிடம் இதைப் பார்த்து ஜான் கூப்பர் என்ற டாக்டர் எழுதியது 1837-ல். கோடூரில் முதல் கடப்பாரை இறங்குவதற்கு 55 வருஷம் முன்பே!

தாது தீர்ந்த குழிகள் கைவிடப்பட்டன. கவர்னர் பேர் ஒரு பேட்டைக்கு இருக்கிறது, கிராமத்தின் பேர் ஒரு பாறைக்கு இருக்கிறது. குழிக்குள் இறங்கியவர்கள் பேரைத்தான் யாரும் எதற்கும் வைக்கவில்லை.