கட்டையும் ராவல் பிளக்கும்

புதுச்சேரி வைசியாள் வீதியில் ஒரு பழைய வீடு. கூடத்தில் சுவர் விளக்கு மாட்டப் போயிருந்தோம். எனக்கு இருபத்திரண்டு வயது. கையில் புது ஹேமர் டிரில். சுவிட்சை அழுத்தினேன். துளை கால் அங்குலம்தான், ஆனால் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் காரை பெயர்ந்து காலில் விழுந்தது. அப்பா திட்டவில்லை. ஒரு சில்லை எடுத்து மேல்புறத்தைத் தடவச் சொன்னார். கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. "இதைத் தேய்க்க எத்தனை நாள் ஆச்சோ!"

1761-இல் ஆங்கிலேயர் தரைமட்டமாக்கிய ஊர், 1765-இலிருந்து மறுபடி எழுந்தது. செங்கல், சுண்ணாம்புச் சாந்து, அதன்மேல் அடுக்கடுக்காகக் காரை. கடற்காற்றின் ஈரத்தை வாங்கி வெளியே விடும் சுவர். அதிர்ச்சி மட்டும் ஆகாது.

அப்பா காலத்தில் கட்டைதான். தேக்கை இரண்டங்குல நீளத்தில் அறுத்து, ஒரு முனையைக் குறுக்கிச் சீவுவார். உளியால் மெல்லக் குழி எடுத்து, அகலமான முனை உள்ளே போக வைத்து, சுற்றிலும் சாந்து அடைப்பார். தொங்கினாலும் வராது. கட்டையில் ரீப்பர், ரீப்பர் மேல் வயர். ஓர் அறைக்கே ஒரு பகல் போய்விடும்.

கட்டைக்கு மாற்று வந்தது இப்படித்தான்: லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் மின்சாமான் மாட்டும்போது சுவர் கெடக்கூடாது என்றுதான் ஜான் ராலிங்ஸ் என்ற ஒப்பந்தக்காரர் சணல்நாரைப் பசையில் இறுக்கிக் குழல் செய்தார். 1911-இல் காப்புரிமை கேட்டார். 1958-இல் ஜெர்மனியின் ஆர்தர் ஃபிஷர் அதையே நைலானில் கொண்டுவந்தார். ராலிங்ஸ் பெயர்தான் நம் கடைகளில் 'ராவல் பிளக்'. சிலர் 'ராயல் பிளக்' என்று பட்டாபிஷேகமே செய்துவிட்டார்கள். பிரெஞ்சில் 'ஷவீய்', கணுக்காலுக்கும் அதே சொல். சுவரைக் காக்க வந்த சாமானுக்காகத்தான் நான் அன்று காரையைப் பெயர்த்தேன். ஹேமரை அணைத்து, சின்ன பிட்டில் தொடங்கியிருந்தால் போதும்.

இப்போது பழைய வீடுகள் ஓட்டலாகும்போது காரைக்கு முன்னால் ஜிப்சம் போர்டு நிற்கிறது. பின்னால் வெற்றிடம், சாதா பிளக் சும்மா சுற்றும். இறக்கை விரிகிற பட்டர்ஃப்ளை பிளக்தான் பிடிக்கும். கழற்றும்போது இழுத்தால் போர்டு பிய்ந்துவிடும். திருகை மட்டும் கழற்றி, இறக்கையைப் பின்னால் விழவிடுங்கள்.

காரைச் சுவரில் பழைய பிளக் இருந்தால், திருகை இரண்டு சுற்று ஏற்றிக் குறட்டால் நேராக மெதுவாக இழுங்கள். அடம்பிடித்தால் உள்ளேயே இருக்கட்டும். ஓட்டையை சிமென்டால் மட்டும் அடைக்காதீர்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் சுற்றியுள்ள காரையும் உதிரும். ஒரு கைப்பிடி சுண்ணாம்பு போதும்.